நான் மழுக்கிய பற்கள்

என் ஆசை மச்சான் குணத்துக்கு,

நீ போய் மூன்று மாரி கழிந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நேற்று உன் தம்பி தவம் பட்டறைக்கு வந்து போனதிலிருந்து லேத்தில் கை வைக்கவே பயமாக இருக்கிறது.

அவனுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. கப்பல் பக்கத்தில் கயிற்றில் தொங்கித் துருச் சுரண்டுகிற வேலை. உன் பெட்டிக்குள் கிடந்த இரண்டாவது கயிற்றுப் பிடியைக் கொண்டுவந்திருந்தான். "அண்ணாவின்ர சாமான் அத்தான். எண்ணெய் விட்டுத் தாங்கோ, திங்கக்கிழமை இதிலதான் தொங்கப்போறன்" என்று சொல்லி ஸ்பிரிங்கை இழுத்து விட்டான். டக். அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

ஓம், நாங்கள் இரண்டு செய்தோம். ஒன்றுதான் உன்னோடு விழுந்தது.

கல்லூரி விடுமுறையில் நீ அதன் படத்தை விரித்தபோது பகிடி பண்ணினேன். கயிறு கீழே வழுக்கினால் உள்ளே இருக்கும் பல் வைத்த துண்டு திரும்பிக் கடித்துப் பிடிக்கும், இனி ஒருத்தரும் கப்பலிலிருந்து விழத் தேவையில்லை என்றாய். நல்ல இரும்பு கிடைக்காத காலம். பழைய லொறி அச்சை அறுத்துக் கடைந்தேன். அந்த ஆறு நாளும் சாப்பாட்டுக்குக்கூடச் சாம்பல்தீவு வீட்டுக்குப் போகாமல் என் பக்கத்திலேயே நின்றாய்.

பல் வெட்டி முடிந்ததும் வழக்கம்போல அரத்தை எடுத்தேன். பிசிறோடு ஒரு சாமானும் என் பட்டறை வாசலைத் தாண்டாது, தொடுகிறவன் கையை வெட்டக் கூடாது. அது என் திமிர். ஒவ்வொரு பல்லின் நுனியையும் தடவித் தடவி மழுக்கினேன். பூட்டும்போது நீ பெருவிரலால் தடவிப் பார்த்தாய்.

"இது கூரா இருக்க வேணுமெல்லே அத்தான்?"

"நீ கணக்கைப் பார், இரும்பை நான் பாக்கிறன்."

நீ சிரித்துவிட்டுப் போல்ட்டை முறுக்கினாய். ஏன் மச்சான் என்னோடு சண்டை பிடிக்கவில்லை?

பட்டறை வேம்பில் கட்டிப் பார்த்தபோது, காய்ந்த தும்புக் கயிற்றில் அது பிடித்தது. துறைமுகத்தில் நீ தொங்கியபோது, மழையில் நனைந்த நைலோன் கயிற்றில் பிடிக்கவில்லை. நான் கீழே நின்றேன். கயிறு அந்தப் பற்களுக்குள்ளால் உருவிக்கொண்டு வந்த சத்தம் எனக்குக் கேட்டது.

படித்த பெடியன் கணக்கில் பிழைவிட்டான் என்று ஊர் கதைத்தது. உன்னைப் பெற்ற மாமியும் அப்படித்தான் நம்புகிறார். உன் அக்கா உன் கொப்பிகளைக் கட்டி அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டாள். அவளோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் வாய் திறக்கவில்லை.

இப்போது மற்றப் பிடி என் மேசையில் கிடக்கிறது. பற்களைத் திரும்பக் கூராக்க அரை மணித்தியாலம் போதும். தவம் தப்புவான், நானும் தப்புவேன். உன் பெயர் மட்டும் அப்படியே கிடக்கும். காலையிலிருந்து மூன்று தரம் அரத்தை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது.

நாலு மணிக்குத் தவம் வருவான். பிடியை அவன் கையில் கொடுக்கமாட்டேன். அவனையும் கூட்டிக்கொண்டு சாம்பல்தீவுக்குப் போய், மாமிக்கும் உன் அக்காவுக்கும் முன்னால் அதை வைத்து, குணத்தின் கணக்குச் சரி, என் அரம்தான் பிழை என்று சொல்லுவேன். அதற்குப் பிறகு உன் அக்கா எனக்குக் கதவு திறப்பாளோ தெரியாது. உன்மேல் ஆணை, இன்றைக்கே சொல்லுவேன்.

அந்த உறவை நீ இன்னும் வைத்திருந்தால்,
உன் அத்தான்