சேவல் வைத்த கோபுரம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்.

நான் பராமரிக்கும் மக்தா அன்ரிக்குப் பக்கவாதத்தில் பேச்சுப் போய்விட்டது. அவருடைய அறைச் சுவரில் ஹங்கேரியிலுள்ள அவரது கிராமத்தின் படம் தொங்குகிறது. தெருவின் இரு பக்கமும் இரண்டு பழைய கிறிஸ்தவக் கோயில்கள்; ஒன்றின் கோபுரத்தில் சிலுவை, மற்றதில் சேவல். சிலுவை வைத்த கத்தோலிக்கக் கோயில்தான் அவருடையது என்று நானே முடிவெடுத்தேன். ஒரு மாதமாகத் தினமும் அவர் கையில் செபமாலையைச் சுற்றிவிட்டுச் செபம் சொன்னேன்.

இன்று அவருடைய மகள் அதைக் கண்டு திடுக்கிட்டார். சேவல் கோபுரம்தான் அவர்களுடைய புரட்டஸ்தாந்துக் கோயிலாம். செபமாலையைத் தொடவே மாட்டார்களாம்.

"தெரியாமத்தானே செய்தனீர், விடும்," என்றார் என் கணவர், வீட்டில் இதைச் சொன்னபோது.

ஓம், தெரியாமல்தான். ஆனால் அன்ரியின் விரல்கள் அந்த மாலையை இழுத்துக்கொண்டே இருக்கும். மணி எண்ணுகிறார் என்று நினைத்தேன்.