நீ மெலிந்தாய், நான் எண்ணினேன்

இன்று மத்தியானம் சோற்றைத் தராசில் வைத்துவிட்டுக் கைத்தொலைபேசியைத் திறந்தேன். சாப்பிடுவதையெல்லாம் எழுதி வைக்கிறேனே, அந்தச் செயலி, அடிக்கடி சாப்பிட்டவை என்று ஒரு பட்டியல் காட்டும். நான்காவதாக, நீ எனக்கும் பங்கு தந்த உன் கத்தரிக்காய்ப் பால்கறி நின்றது. புரதம் இவ்வளவு, மாச்சத்து இவ்வளவு. அந்தக் கணக்கை எப்படி எடுத்தேன் என்று உனக்குச் சொன்னதேயில்லை. நீ கை கழுவப் போன நேரம் பார்த்து உன் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கி வேலையிடத்துத் தராசில் நிறுத்தேன். களவுதான்.

சுவிஸில், பேர்ண் நகரத்து ஆஸ்பத்திரிச் சமையலறையில் பதினெட்டு வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். நோயாளிகளின் தட்டுகள் ஓடும் பட்டியில் நகர்ந்து வரும். ஒவ்வொன்றிலும் பெயர், வாட்டு, என்ன உணவு என்று ஓர் அட்டை. நான் சோறோ உருளைக்கிழங்கோ வைப்பேன், நீ இறைச்சியும் மரக்கறியும் வைப்பாய். எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, எட்டிப் பார்க்கிறது என்று டொக்டர் சொன்னதை முதலில் உனக்குத்தான் சொன்னேன். செயலியைக் காட்டியபோது நீ சிரித்தாய். "தட்டிலை அரைவாசி மரக்கறி, கையளவு சோறு. இதுக்கு ஏனடி மெஷின்?"

எனக்கு மெஷின் வேண்டியிருந்தது. காலை ஒன்பது மணி இடைவேளையில், இங்கே ஸ்னூனி என்பார்களே, அதில் கதையோடு கதையாக நான் விழுங்கிய பிஸ்கட்டுகள் ஒரு நேரச் சோற்றுக்குச் சமம் என்று அதுதான் காட்டியது. அதுவரை நான் அவற்றைச் சாப்பாடு என்றே நினைத்ததில்லை. பருப்பைத் தராசில் நிறுத்தேன், முட்டையை எண்ணினேன், பாண் துண்டைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. மூன்று மாதத்தில் இரண்டு கிலோ குறைந்தது.

அந்த மூன்று மாதத்தில் நீ ஒன்றும் செய்யாமலே உருகினாய். ஏப்ரன் நாடா உன் இடுப்பை இரண்டு சுற்றுச் சுற்றியது. கோயில் திருவிழாவுக்குச் சட்டையைப் பிடித்துத் தைத்து, பச்சைச் சேலையில் வந்தாய். கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறாய் என்று எல்லோரும் உன்னைச் சுற்றி நின்றார்கள். என் இரண்டு கிலோவை ஒரு சனம் கவனிக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஒளிக்காமல் எழுதுகிறேன், அன்று உன்னோடு படம் எடுக்கக்கூட நான் நிற்கவில்லை.

என்ன செய்கிறாய் என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன். டிராமில் இரண்டு தரிப்பு முன்னால் இறங்கி நடப்பதாகச் சொன்னாய். நான் நான்கு தரிப்பு முன்னால் இறங்கி நடந்து முழங்காலை வீங்க வைத்துக்கொண்டேன். நீ எதையோ மறைக்கிறாய் என்ற எண்ணத்தில்தான் உன் பெட்டியைத் தராசில் நிறுத்தது. தேங்காய்ப்பாலும் சோறும், புரதம் பேருக்கு. எந்தக் கணக்கின்படியும் நீ மெலிய நியாயமில்லை. உன்மேலும் கோபம், செயலிமேலும் கோபம்.

புதிதாக வரும் நோயாளியிடம் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, முயலாமலே உடம்பு இளைத்ததா என்பது. பதினெட்டு வருடமாக எனக்கு அது தெரியும். பயிற்சி வகுப்பில் உன் பக்கத்தில் இருந்துதான் படித்தேன். உன்னைப் பார்த்து ஒரு நாளாவது அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. பொறாமை வேறொன்றையும் நினைக்க விடவில்லை.

லோசானில் தங்கச்சி வீட்டுக்கு என்று நீ லீவு எடுத்துப் போனாய். இரண்டாவது கிழமை, மத்தியானப் பட்டியில் ஒரு தட்டு வந்தது. அட்டையில் உன் பெயர். ஐந்தாம் மாடி. சிறிய அளவு, கூடுதல் புரதம். கரண்டியோடு நின்றேன், தட்டு என்னைத் தாண்டிப் போனது. பின்னால் நின்றவள்தான் பட்டியை நிறுத்தினாள்.

வேலை முடிந்து மேலே வந்தேன். நீ தயிரைக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தாய், வாயில் வைக்கவில்லை. அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன்: உன் மெலிவைப் பார்த்து எரிந்தேன் என்று. சாப்பாட்டுப் பெட்டிக் கதையைத் தொடங்க நீ விடவில்லை.

"நீ எரியிறது எனக்கு முதல் மாசமே தெரியும். எனக்கு வந்த வருத்தமும் அப்பவே தெரியும். சொன்னால் எல்லாரும் பாவம் எண்டு பாப்பினம். நீ ஒருத்திதான் என்னைப் பாத்துப் பொறாமைப்பட்டனி. வேலைக்கு வர எனக்கு அதுதான் ஆசையா இருந்தது."

ஒன்பது கிழமையில் நீ போய்விட்டாய். என் சீனி இறங்கியிருக்கிறது. எண்ணியது வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் இனி ஒவ்வொரு கிராமாக எழுதத் தேவையில்லை, தட்டைக் கண்ணால் பிரித்தாலே போதும் என்று டயட் பார்க்கும் பெண் சொல்லிவிட்டாள். அதிலும் நீதான் சரி.

நீ என்னை மன்னித்துவிட்டாய் என்று உன் தங்கச்சி சொன்னாள். மன்னிக்க நீ எதையும் குற்றமாக எடுக்கவேயில்லை. மாதக்கணக்காக நான் மனதுக்குள் உன்னைத் திட்டியதை, உனக்குச் செய்த உபகாரமாக எடுத்துக்கொண்டு போனாய். அப்படி ஒரு மனம் எனக்கு வாய்க்கவில்லையே என்று, சாகும்வரை உன்மேல் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும்.