இடது மூலையில் மூன்று பூச்சு

அன்பு மகள் வாலுக்கு,

நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நீ சுகமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் அப்பா எழுதுவது. நாங்களும் இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள், படியைக் கண்டுபிடித்ததே நான்தான் என்பது போல. இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், நானும் சிரித்து மழுப்பிவிடுவேன், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், ரொம்ப அலுப்பாக இருக்கிறது.

படுக்கையும் அடுப்பும் வைத்த நம் வீட்டு வண்டியின் பின்பக்க இடது மூலை உடைந்துவிட்டது. விளக்கைச் சுற்றி வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்குமே, அதுதான். அடுத்த தெருவில் வண்டியைப் பின்னால் எடுத்தபோது ஒரு மதில் சுவரில் உரசி, ஒரு சாண் நீளத்துக்கு விரிசல், ஒரு துண்டு கையோடு வந்துவிட்டது. அம்மாவிடம் யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டான் என்று சொன்னேன். ஒர்க் ஷாப்பில் மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு, இந்த மாடலே இப்ப வர்றதில்ல சார், அந்த மூலை எங்கயும் கிடைக்காது, இருக்கிறத ஒட்டிப் பாருங்க என்றார். சரி, ஒட்டத் தெரியாதவனா நான். மூடியைக் கழற்றி வாசலில் போட்டு உட்கார்ந்தேன். விரிசல் மேலும் ஓடாமல் இருக்க அதன் நுனியில் சின்னதாக ஒரு துளை போட்டேன். மூடியின் உள்பக்கத்திலேயே கொஞ்சம் சுரண்டி எடுத்து, அந்தத் தூளைக் கண்ணாடி பாட்டிலில் அசிட்டோன் ஊற்றி ஊற வைத்தேன். அதே பிளாஸ்டிக்காக இருந்தால்தான் கரைந்து களி மாதிரி வரும், வேறு எதைப் போட்டாலும் ஒட்டாது. நெடி தாங்காமல் அம்மா ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, உள்ளே இருந்தே கத்திக்கொண்டிருந்தாள்.

களி ஊறட்டும் என்று, விரிசலைச் சுற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். தேய்க்கத் தேய்க்க வெள்ளைக்குக் கீழே சாம்பல் பூச்சு, அதற்குக் கீழே மறுபடி வெள்ளை, மறுபடி சாம்பல் என்று வளையம் வளையமாக வந்தது. காபி கொண்டுவந்த அம்மா குனிந்து பார்த்தாள். ஏங்க, இது எத்தனாவது தடவை என்றாள். நான் உப்புத்தாளை மடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது, வாலு. முதல் தடவை நம் கேட் தூண், அடுத்தது பெட்ரோல் பங்க்கில் ஒரு கம்பம். இரண்டு தடவையும் அம்மா உன் சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது யாருக்கும் தெரியாமல் ஒட்டி, பெயிண்ட் அடித்து, மூச்சு விடாமல் இருந்தேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டியும் ஒரு கீறல் கிடையாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன், எந்த முகத்தோடு சொல்வது?

அம்மா சண்டை போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை. வாசல் படியில் உட்கார்ந்து, எனக்குத் தெரியும்ங்க என்றாள். இடது பக்கம் தண்ணி வெச்சா தட்டி விட்டுர்றீங்க, ஆறு மாசமா வலது பக்கந்தான் வெக்கிறேன், அதையாவது கவனிச்சீங்களா என்றாள். நான் கவனிக்கவில்லை, வாலு. ஆறு மாதமாக மூன்று வேளையும் டம்ளர் இடம் மாறியிருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. வெட்கத்தில் அன்று காபியை அப்படியே ஆறவிட்டேன்.

மறுநாளே கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அந்த டாக்டரம்மா, இடது கண்ணில் ஓரப் பார்வை போய்விட்டது, போனது திரும்பாது, சொட்டு மருந்தை ஒழுங்காக விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். வண்டி ஓட்டலாமா என்று கேட்டேன். டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். போதுமே, புரிந்துவிட்டது.

மாப்பிள்ளை பிரிந்து போன பிறகு, வீடு ரொம்ப அமைதியா இருக்குப்பா, எப்ப வருவீங்க என்று நீ கேட்டாய். உன் ஒற்றை அறையில் மூன்று பேர் இடித்துக்கொள்ள வேண்டாம், நம் வீட்டையே ஓட்டிவந்து உன் வாசலில் நிறுத்துகிறேன் என்று நான்தான் வாய் கிழியப் பேசினேன். அந்தப் பேச்சை என்னால் காப்பாற்ற முடியவில்லை. இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வளைத்தேன்.

மூலையை ஒட்டி முடித்துவிட்டேன், உள்பக்கம் கம்பி வலை வைத்திருக்கிறேன், கல் மாதிரி நிற்கிறது. பெயிண்ட் மட்டும் அடிக்கவில்லை, வளையங்கள் அப்படியே தெரியட்டும் என்று விட்டுவிட்டேன். சாவியை நானே அம்மா கையில் கொடுத்தேன். உனக்கு ஒரு வாரம் லீவு கிடைத்தால் பஸ் பிடித்து வா. நீ ஓட்டு, நாங்கள் பின்னால் உட்கார்ந்து வருகிறோம். வழியில் குறை சொல்ல மாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன்.

நன்றாக இரு, மனசு விட்டுவிடாதே, உனக்கு ஒரு குறையும் வராது. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். வந்து இறங்கியதும் வழக்கம் போலச் சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நின்று பயமுறுத்தாதே, தூரத்திலிருந்தே கூப்பிடு. இடது பக்கம் நீ வந்து நின்றால் அப்பாவுக்குத் தெரியாது.

உன்னை எதிர்பார்த்திருக்கும்
அப்பா