களவாகத் தின்ற சூடைமீன்

அக்கா,

இன்று கிளினிக்கில் ஒரு பெண்ணின் விரல்களில் பொரித்த மீன் மணத்தது. கண்கள் மஞ்சள், உடம்பு மெலிந்து போயிருந்தது. மூன்று வாரமாக உப்பு, எண்ணெய், மீன் எதுவும் தொடாமல் பத்தியம் காக்கிறாராம். கணவர் சத்தியம் பண்ணாத குறை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே உங்கள் ஞாபகம்தான்.

அப்போது சண்டைக் காலம். கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் சொறிந்துகொண்டு, சல்லிக் கிராமத்திலிருந்து உங்கள் கணவரின் சைக்கிளில் வந்து இறங்கினீர்கள். செங்கமாரிக் காமாலை என்று ஊரில் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்திருந்தார்கள். சட்டை தோளில் நிற்கவில்லை.

"பத்தியச் சாப்பாடு, டொக்டர். அதுதான் மெலிஞ்சு போனா" என்றார் அவர். நானும் நம்பினேன். இரண்டு வாரம் கழித்து வரும்படி துண்டுச் சீட்டும் எழுதிவிட்டேன்.

அவர் வெளியே போனதும் நீங்கள் குனிந்து சொன்னீர்கள்: "அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ டொக்டர். நான் ஒரு நாளும் பத்தியம் காக்கேல்லை. குசினிக்குள்ள களவாச் சூடைமீன் பொரிச்சுத் திண்டனான். இவ்வளவு திண்டும் ஏன் இப்பிடி உருகிப் போறன்?"

பேனையை வைத்தேன். அப்படியென்றால் மெலிந்தது பத்தியத்தால் இல்லை. கட்டிலில் படுக்கச் சொல்லி வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். வலது விலாவுக்குக் கீழே பித்தப்பை வீங்கி உருண்டிருந்தது. அமத்தியும் உங்களுக்கு நோகவில்லை. கல் அடைத்திருந்தால் பெரும்பாலும் நொந்திருக்கும். ஸ்கானில் பித்தக்குழாயின் நடுவே கட்டி தெரிந்தது.

கொழும்புக்கு அனுப்பலாமென்றால் கந்தளாய்ப் பாதை மூடிக் கிடந்தது. "புற்றுநோயாத்தான் இருக்கும் அக்கா. இங்கேயே வெட்டுவம், என்னால ஏலும்" என்றேன்.

"ஏலுமெண்டால் வெட்டுங்கோ. பிறகு மீன் தின்னலாமோ?"

சல்லி ஆட்கள் இரத்தம் கொடுக்க வந்து வரிசையில் நின்றார்கள். ஆறு மணித்தியாலம் எடுத்தது. பித்தப்பையையும் கட்டி வளர்ந்திருந்த குழாயையும் எடுத்துவிட்டு, ஈரலிலிருந்து பித்தம் வரும் வாயில் சிறுகுடலை இணைத்துத் தைத்தேன். புற்றுநோய்தான். ஆனால் வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை என்று முடிவு வந்தது. வெட்டும்போது எனக்குப் பயம் வரவில்லை. முதலில் எழுதிய அந்தத் துண்டை நினைத்தால்தான் இப்போதும் பயமாக இருக்கிறது.

பிறகு பன்னிரண்டு வருடம் இருந்தீர்கள். மகளின் கலியாணத்துக்கு என்னைக் கூப்பிட்டு, இலையில் முதலில் மீன் வைத்தீர்கள். கடைசியில் உங்களைக் கொண்டுபோனது இருதயம். என் தையல் அதுவரை அசையவில்லை.

இன்றைக்கும் கணவரை வெளியே அனுப்பினேன். கதவைச் சாத்திவிட்டு, "உண்மையைச் சொல்லுங்கோ தங்கச்சி. மீன் திண்டனீங்களோ?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் கதவை ஒருதரம் பார்த்தார். "ஓம் டொக்டர். ஒவ்வொரு நாளும்."

கட்டிலில் படுக்கச் சொன்னேன், அக்கா.