சுவரில் தொங்கிய விசிறிக்கூடு

அன்புள்ள லோரீன்,

நீயும் அம்மாவும் சுகந்தானே? அரிசோனா வெயிலில் நான் நன்றாகவே இருக்கிறேன்.

எங்கள் பட்டறைக்கு வந்த பல் டாக்டர் வெர்னனின் பழைய மசில் கார் (பெரிய இஞ்சின் வைத்த வேகக் கார்), சிக்னலில் நின்றாலே கொதித்தது. மறுநாள் பழைய கார்களின் ஊர்வலத்தில் அது ஓடவேண்டும். "சரிபண்ணலைன்னா ஊருக்கு பஸ் ஏறிடு" என்றார் முதலாளி.

மூன்று ரேடியேட்டர் மாற்றியும் பயனில்லையாம். பார்த்தால், விசிறியைச் சுற்றி இருந்து, ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்க உதவும் விசிறிக்கூட்டையே காணோம்.

"கூடு எங்க டாக்டர்?"

"இஞ்சின் அழகை மறைக்குதுப்பா. வீட்டுச் சுவத்துல கடிகாரத்தைச் சுத்தி மாட்டிட்டேன்."

"மொதல்ல அதைக் கழட்டிட்டு வாங்க!"

மாட்டியதும் கொதிப்பு அடங்கியது. என் வேலையும் தப்பியது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது கையில் லேசாகச் சுட்டுவிட்டது. எழுத்து கோணினால் பயப்படாதே.

நீ போர்த்திக்கொள்ளும் நீலக் கம்பளியை அனுப்பு. துவைக்காமல் அனுப்பு. இந்த வெயிலில் எதற்கென்று கேட்காதே. தபால் வண்டி வந்துவிட்டது.

உன் டெல்பர்ட்