மூன்றாவது தரம் சொல்லாமல் போன கொழுந்தனுக்கு

வாழைக்காய்ப் பேட்டையை ஒற்றை வாயால் கட்டி ஆண்ட என் அருமைக் கொழுந்தனாரே, செல்லப்பாண்டி,

நேற்று மத்தியானமும் வந்தாய். இலைக்கட்டெல்லாம் விற்றுத் தீர்ந்து, சிம்மக்கல்லில் நம் பேட்டை வாசலில் ஈரச் சாக்கின் மேல் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். உடனே தெப்பக்குளம். திருவிழாவுக்குத் தண்ணீர் விட்டு, படிக்கு மேல் படியாக ஏறி நிற்கிறது. நடுவில், மைய மண்டபத்தில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நீ உட்கார்ந்திருக்கிறாய். என்னைப் பார்த்து வாயைத் திறக்கிறாய். சத்தம் மட்டும் தண்ணீரைத் தாண்டி வரவில்லை.

வடக்குப் படியில் இறங்கிப் பார்த்தேன், தூரமாக இருந்தாய். சுற்றிக்கொண்டு கிழக்குப் படிக்கு ஓடினேன், அங்கிருந்தும் அதே தூரம். சரி என்று இலைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விரித்து அதன் மேல் நடந்து வந்தேன். வாழை இலை என்னைத் தாங்குகிறது பார்! பாதி வழியில் யாரோ லாரிப் பலகையைத் திறந்த சத்தத்தில் முழித்துவிட்டேன். கடைவாயில் எச்சில் ஒழுகியிருந்தது. நீ இருந்திருந்தால் அதை வைத்தே ஒரு வாரம் ஓட்டியிருப்பாய்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. உன் பொண்டாட்டி முத்துப்பேச்சிதான் என்னைப் பிடித்து உலுக்கினாள். "யக்கா, ஒன் மனசுல என்னமோ கெடக்கு. முந்தி மாதிரி நீ யாரையும் சீண்டக் காணோம். சொல்ல முடியலன்னா எழுதிப் போடு" என்றாள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். இருந்தாலும் எழுதுகிறேன். உனக்கு என்றுதான் ஆரம்பிக்கிறேன். யார் யார் காதில் விழுமோ, விழட்டும்.

எனக்கு எல்லாம் அந்தப் பூவன் தாரில் இருந்துதான் ஆரம்பிக்கிறது. இருபது வருஷமாக ஏலம் கூறுகிறவன், ஒரு நாள் காலையில் தாரைப் பார்த்தபடி நின்றுவிட்டாய். பேர் வரவில்லை. வியாபாரிகள் எல்லாம் உன் வாயையே பார்க்கிறார்கள். நான் சும்மா இருப்பேனா? "ஏய்யா, பூவனத் தெரியல சரி, பொண்டாட்டியையாச்சும் அடையாளம் தெரியுதா?" என்றேன். பேட்டையே சிரித்தது. நீயும் சிரித்தாய். சிரிக்கும்போது உன் உதட்டில் ஒரு பக்கம் ஏறவில்லை. அதையும் கேலிதான் செய்தேன்.

அப்புறம் தலைவலி, காலையில் வாந்தி. வலது கையில் பிடித்த கிளாஸ் நழுவியது. தலைக்குள் படம் எடுக்கிற மிஷின் நம் ஊரில் இல்லை, மெட்ராஸில்தான் இருக்கிறது. உன் அண்ணன் உன்னை ரயிலில் கூட்டிக்கொண்டு போய், பெரிய உறையில் படங்களோடு திரும்பி வந்தார். இங்கே ஆஸ்பத்திரியில் கண்ணாடி போட்ட டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். உன் தலைக்குள் வேப்பிலை ஆடியது. ஆடாமல் நடுவில் வெள்ளையாக ஒன்று உட்கார்ந்திருந்தது. இவ்வளவு அழகான படமா என்று ஒரு நொடி எனக்குத் தோன்றிவிட்டது. இப்படித் தோன்றியதற்கு நீ என்னை என்ன சொல்லுவாய்?

"கட்டி ஓரத்துல இருந்தா சுலபம்" என்றார் டாக்டர். "இது ஆழத்துல, எடப்பக்கமா இருக்கு. மூளைக்குள்ள தண்ணி நிக்கிற அறை ஒண்ணு உண்டு, அதோட சுவர ஒட்டி. கெட்ட கட்டி. எந்த வழியா போனாலும் பூராம் எடுக்க முடியாது, திரும்ப வளரும். மறைச்சுச் சொல்ல எனக்குப் பிடிக்கல."

பிறகு வழிகளைச் சொன்னார். ஒன்று உச்சி வழி. மூளை வகிடு எடுத்தது போல இரண்டு பாதியாக இருக்கிறதாம். அந்த வகிட்டை மெல்ல விலக்கி, இரண்டையும் சேர்க்கிற பாலத்தில் சின்னதாக ஒரு வாசல் திறந்து, தண்ணீர் அறைக்குள் இறங்குவது. பேச்சு குடியிருக்கிற இடத்தைத் தொட வேண்டியதில்லை. ஆனால் கிணற்றை எட்டிப் பார்ப்பது போல ஒடுக்கமான பார்வைதான். கட்டியின் இந்தப் பக்கம் தெரியும், அந்தப் பக்கம் தெரியாது. பாதிதான் கைக்கு வரும்.

இன்னொன்று காதுக்கு மேலே இடப்பக்க வழி. தூரம் குறைவு, இடம் தாராளம், பெரும்பங்கை எடுத்துவிடலாம். ஆனால் போகிற வழியில்தான் பேச்சு இருக்கிறது. அது போய்விடும், வலது கையும் விழலாம். பின்னந்தலை வழியாகப் போனால் பார்வையில் ஒரு பாதி போகுமாம். உன் கட்டி இருக்கிற இடத்துக்கு அந்த வழி எட்டவும் எட்டாது என்று அதைத் தள்ளிவிட்டார். வெட்டாமல், கட்டியைக் கருக்குகிற கதிரை, அதுதான் அந்தக் கரண்டை, மட்டும் வைக்கலாமா என்று உன் அண்ணன் கேட்டார். உள்ளே அழுத்தம் ஏறிவிட்டது, முதலில் இடம் விட்டாக வேண்டும், கரண்ட் அதற்கப்புறம் என்றார்.

எல்லோரும் மண்டையை ஆட்டிக்கொண்டு நின்றோம். நீதான் பேசினாய்.

"ஆக, லாரி நடுவுல ஒரு அழுகுன தாரு. மேலருந்து எடுத்தா மத்த தாரு நசுங்காது, ஆனா பாதிதான் வரும். சைடுப் பலகையத் தொறந்து இழுத்தா முக்காவாசி வந்துரும், ஓரத்துத் தாரு பூராம் ஒடிஞ்சு விழுந்துரும். அம்புட்டுத்தான டாக்டரய்யா?"

அந்த மனுஷர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் படிச்ச புஸ்தகத்துல இம்புட்டுத் தெளிவா போடல" என்றார்.

"எதுல நாள் கூட?"

"நெறைய எடுத்தா நாள் கூடலாம். எத்தன நாள்னு நான் சொன்னா அது பொய். நாளைக்குக் காலையில வந்து சொல்லுங்க."

அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. முத்துப்பேச்சி ஐந்து மாத வயிற்றோடு வண்டியூர் வீட்டில் இருந்தாள். பத்து வருஷம் காத்திருந்து தங்கிய வயிறு. உன் அண்ணனை டீ வாங்க அனுப்பிவிட்டு, அந்த வேப்பமரத்தடியில் என்னைப் பார்த்து நீ கேட்டாய்.

"மதினி, எல்லாரும் அழுகுறாக. நீ ஒருத்திதான் அழுகல. நீ சொல்லு, எங்கிட்டுக் கூடி உள்ள போகச் சொல்லட்டும்?"

"எங்கிட்டுக் கூடிப் போனா என்ன, உள்ள ஏதாச்சும் இருந்தாத்தான?"

"வெளாட்டு வேணாம் மதினி. வாய் தங்கணுமா, நாள் கூடணுமா?"

எனக்கும் அழுகை வந்தது. அது உனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "வாய் போனா நல்லதுதான்யா. பேட்டைக்காரன் காதெல்லாம் குளுந்து போகும். முத்துப்பேச்சி நிம்மதியில ரெண்டு இட்லி கூடப் போடுவா."

நீ சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாய். மறுநாள் காலையில் டாக்டரிடம் போய், "சைடுப் பலகையவே தொறந்துருங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாய்.

ஆபரேஷனுக்கு அப்புறம் நீ கட்டிலில் கிடந்த நாட்கள் எல்லாம் எனக்கு ஒரே வெள்ளையாகத்தான் ஞாபகம் இருக்கிறது. வெள்ளைத் திரை, வெள்ளைக் கட்டு, உன் வெள்ளை முழி. "பழனிக்குப் போகாமலே மொட்டையா? முருகன் கோவிச்சுக்கப் போறாரு" என்றேன். நீ என் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாய், மீன்தொட்டியைப் பார்க்கிற மாதிரி. உன் வாயில் இருந்து ஒன்றுமே வரவில்லை. உன்னைக் கேலி செய்து பதில் வராதது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. முத்துப்பேச்சி என் தோளில் சாய்ந்து, "எம்பேர ஒருக்கா கூப்பிட்டாப் போதும்க்கா, வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றாள். அவளை வயிறு குலுங்க அழவிட்டுவிட்டு, நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து, பேட்டையில் கழித்துப்போட்ட ஒரு நோஞ்சான் நாட்டுத் தாரை உன் முன்னால் கொண்டுவந்து வைத்தேன். "கொழுந்தனாரே, இந்தத் தாரு ஒங்க ஒடம்பு மாதிரியே இருக்கு. யாரும் கேக்க மாட்டேங்குறாக. ஏலத்த ஆரம்பிங்க" என்றேன். சும்மா, பழக்கத்தில் சொன்னதுதான்.

"ஒருதரம்!" என்றாய்.

அடுப்படியில் பாத்திரம் விழுந்தது. முத்துப்பேச்சி ஓடி வந்தாள். "ரெண்டுதரம்! மூணுதரம்!" பேட்டையில் கேட்கிற அதே குரல், அதே இழுப்பு. டாக்டரிடம் போய்ச் சொன்னோம். தேடிப் பிடித்துப் பேசுகிற வார்த்தைகள் போய்விட்டன, வண்டித் தடம் போலப் பழகிப் பழகித் தானாக ஓடுகிற வார்த்தைகள் சில தங்கும் என்றார். உன் பெயர் தங்கவில்லை, பொண்டாட்டி பெயர் தங்கவில்லை. ஏலம் தங்கிவிட்டது. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

போதும், அதை வைத்து ஒரு பாஷையே செய்துவிட்டோமே! ஒருதரம் என்றால் ஆமாம். ரெண்டுதரம் என்றால் இல்லை. மூணுதரம் என்றால் முடிந்தது, ஆளை விடு. சாப்பிட்டாயா, ஒருதரம். வலிக்கிறதா, ரெண்டுதரம். அது பொய் என்று எல்லோருக்கும் தெரியும். உன் சின்னத்தா வந்து ஒப்பாரி வைக்க ஆரம்பித்தபோது நீ உரக்க "மூணுதரம்!" என்றாயே, அந்தக் கிழவி வெற்றிலைப் பையை விட்டுவிட்டு ஓடினாள். ஆவணியில் மகள் பிறந்தாள். பெயர் வைக்கிற அன்று, தகப்பன் காதில் மூன்று தடவை பெயர் சொல்ல வேண்டும் என்றார்கள். இடக்கையால் அணைத்துக்கொண்டு அவள் காதில் குனிந்து, நீ என்ன பெயர் சொன்னாய் என்று ஊருக்கே தெரியும். ஏலத்தில் எடுத்த பிள்ளை என்று நான்தான் கத்தினேன். சிரித்துச் சிரித்து அழுதோம்.

அவளைப் பார்க்கத்தான் நீ நாளைக் கேட்டு வாங்கினாய் என்று முத்துப்பேச்சி நம்புகிறாள். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்கிறாள். அவள் சொல்லும்போதெல்லாம் நான் இலையைக் கிழித்துக்கொண்டிருப்பேன்.

மார்கழிக் கடைசியில் தலைவலி திரும்பியது. தை பிறந்து, தெப்பத்துக்குத் தண்ணீர் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, உன்னைக் கைத்தாங்கலாகப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனேன். முந்தின நாள் வரை ஆடு மேய்ந்த காய்ந்த குளத்துக்குள் தண்ணீர் ஒரு கோடாக மைய மண்டபத்தை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. வெயில் அதன் மேல் விழுந்து, எது தண்ணீர், எது வெளிச்சம் என்று தெரியவில்லை. அந்த மயக்கத்தில்தான் எனக்குத் தைரியம் வந்தது.

"அய்யா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கி மரத்தடியில நான் சொன்ன வெளாட்டுப் பேச்சுக்காகவா அந்தப் பக்கம் கையெழுத்துப் போட்ட?"

நீ தண்ணீரில் இருந்து கண்ணை எடுத்தாய். பிறகு என் பக்கம் திரும்பினாய்.

"ஒருதரம்" என்றாய்.

ஆமாம் என்கிறாய் என்று நினைத்தேன்.

"ரெண்டுதரம்" என்றாய்.

அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டாய். மூன்றாவதுக்கு நான் காத்திருந்தேன். நீ ஏறுகிற உதட்டால் மட்டும் சிரித்தபடி, கூடக் கேட்கிற வியாபாரியைப் பார்ப்பது போல என்னையே பார்த்தாய். தெப்பத்துக்கு எட்டு நாள் முன்னால் போய்விட்டாய்.

ஆமாமா, இல்லையா? இரண்டுமா? இல்லை, ஆயுசு முழுக்க நான் உன்னைச் சீண்டியதற்கெல்லாம் சேர்த்து வைத்துக் கடைசியாக ஒரே ஒரு சீண்டலா?

உன் மகளுக்கு நடை வந்துவிட்டது. வாய் உன் வாயேதான், விடிந்ததில் இருந்து பொழுது அடையும் வரை ஓயாது. பேட்டையில் உன் இடத்தில் புதிதாக ஒருவர் கூறுகிறார். நல்ல மனுஷர்தான், ஆனால் தேனாக இனிக்கிற சிறுமலைப் பழத்தை, கறிக்கு வாங்குகிற மொந்தன் காய் விற்கிற குரலில் விற்கிறார். இந்த வருஷமும் தண்ணீர் விட்டுவிட்டார்கள். மைய மண்டபத்தின் அடியை இன்றைக்குத் தொட்டுவிடும்.

இனி கிழக்கும் வடக்குமாக ஓடப் போவதில்லை, கொழுந்தனாரே. திவசத்தன்று முத்துப்பேச்சியை அதே படியில் உட்கார வைத்து, இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் நானே வாசித்துக் காட்டுவேன். மரத்தடியில் நான் சொன்னதையும் சேர்த்துத்தான். இது சத்தியம். அவள் என்னை அடிக்கட்டும், அணைக்கட்டும், எழுந்து போகட்டும். நீ சொல்லாமல் விட்ட மூன்றாவது தரத்தை அவள் வாயால் கேட்டுக்கொள்கிறேன்.

வாய்க்கு வாய் கொடுத்தே உன்னை வளர்த்த,
உன் மதினி
இருளாயி