கச்சாலிலிருந்து வந்த கமெண்ட்

அன்பு மகள் சங்கவிக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நன்றாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அந்த டப்ளின் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் இதை ஆரம்பிக்கிறேன். சிப்பிகாட்டில் மழை ஓய்ந்துவிட்டது, ஆனாலும் நர்சரிக்குள் நடந்தால் செருப்பு சேற்றோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, அதனாலேயே மாத்திரையை நிறுத்திவிட்டார், நீ பேசும்போது ஒரு வார்த்தை அதட்டி வை. டாலிகஞ்ச் ஷீலாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, மூக்கு அப்படியே அவள் மாமியார் மூக்கு, அதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே. தீவுக்கு வர வேண்டிய மெயின்லேண்ட் கப்பல் இந்த முறையும் தாமதம், வெங்காயம் இல்லாமல் சாம்பார் வைத்து வைத்து எனக்கே வெங்காயத்தின் ருசி மறந்துவிட்டது.

அன்றைக்கு நான் போனைப் பாதியில் வைத்துவிட்டேன். உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். எனக்கும்தான். போனில் நீ ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல விஷயம் எங்கேயோ போய்விடுகிறது, அதனால்தான் உட்கார்ந்து முதலிலிருந்து எழுதுகிறேன், குறுக்கே பேசாமல் கடைசி வரை படி. போன வருஷம் நம் நர்சரி பிளாக்கில் நடந்தது உனக்கே தெரியும். நான் சாதிக்காய்க் கன்று, மிளகுக் கொடி என்று எதையாவது எழுதுவேன், கீழே ஆட்கள் கேள்வி கேட்பார்கள், யாரோ ஒருவன் என் பெயரையே போட்டுக்கொண்டு அவர்களுக்குப் பதில் எழுதி, வேறு ஒரு போன் நம்பரைக் கொடுத்து ஆர்டர் வாங்கிவிட்டான். 'ஜெயமணி நர்சரி' என்று நம்பிப் பணம் அனுப்பினவர்கள் கன்று வரவில்லை என்று நம்மைத் திட்டினார்கள். நீ அங்கிருந்தே அந்தப் பதில்களையெல்லாம் எடுத்து, நம் போன் நம்பரையும் மாற்றச் சொல்லி, இனிமேல் எந்தக் கமெண்டும் நீ பார்த்து விட்டால்தான் வெளியே தெரியும் என்று செய்தாய். ஆபீஸ் போகிற ரயிலில் நின்றுகொண்டே நீ ஒவ்வொன்றாகப் படித்துப் படித்து விடுவதை நினைத்தால் எனக்குப் பாவமாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும். அதில் எல்லாம் நான் ஒரு குறையும் சொல்லவில்லை.

அதற்கப்புறம்தான் 'நல்லதம்பி' என்ற பெயரில் அந்தக் கமெண்ட் வந்தது. 'உங்களிடம் வாங்கிய சாதிக்காய்க் கன்றுகள் கச்சால் தீவுக்கு வந்து சேர்வதற்குள் பாதிக்கு மேல் காய்ந்துவிட்டன, போன் செய்தால் யாரும் எடுப்பதில்லை, இப்படி வியாபாரம் செய்வது நியாயமா' என்று. நமக்குத் தெரிந்த நல்லதம்பி புரோத்ராபூர் மாமா ஒருவர்தான், அவர் நம் பழைய வாடிக்கை, பிளாக்கில் எதை எழுதினாலும் முதலில் வந்து நன்றாக இருக்கிறது என்று போடுகிறவர். நீ அவரை அழைத்துக் கேட்டாய், நான் எழுதவில்லையே என்றார். கமெண்டோடு வந்த மெயில் ஐடியைப் பார்த்தாய், அது ஏதோ ஜெராக்ஸ் கடையின் பெயரில் இருந்தது. உடனே கமெண்டை எடுத்துவிட்டு, பிளாக்கின் உச்சியில் சிவப்பு எழுத்தில் 'நல்லதம்பி என்ற பெயரில் கச்சாலிலிருந்து எழுதுபவர் போலி, யாரும் நம்ப வேண்டாம்' என்று போட்டாய். எனக்குச் சொன்னபோது நானும் நல்ல வேலை செய்தாய் என்றுதான் சொன்னேன். அப்பாவும் தலையாட்டினார்.

போன திங்கட்கிழமை ஒரு மனிதர் பஸ்ஸை விட்டு இறங்கி நம் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு கண்ணில் பச்சைத் துணி, கையில் ஆஸ்பத்திரிப் பை. கண் ஆபரேஷனுக்காகக் கச்சாலிலிருந்து கப்பலில் வந்து டாலிகஞ்சில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறாராம். நான் மண் கலந்துகொண்டிருந்தேன். "ஜெயமணியம்மா யாருங்க" என்றார். நான்தான் என்றேன். "நான்தாங்க நக்லி நல்லதம்பி" என்றார். எனக்கு முதலில் புரியவே இல்லை, யாரோ விளையாடுகிறார் என்று சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அப்பா நாற்காலி கொண்டுவந்து போட்டார், அவர் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டே நின்று பேசினார்.

நடந்தது இதுதான். அவர் போன வருஷமே நம்மிடம் ஆள் மூலமாகக் கன்று சொல்லி வாங்கியிருக்கிறார். கடல் கொந்தளிப்பாக இருந்து கப்பல் புறப்படாமல் கன்றுகள் ஜெட்டியிலேயே வெயிலில் கிடந்திருக்கின்றன. அதற்கப்புறம் அவர் கூப்பிட்டது நம் பழைய நம்பரை. நாம்தான் அதை மாற்றிவிட்டோமே, யார் எடுப்பார்கள். அவருக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் இல்லை, அதனால் அங்கே ஜெராக்ஸ் கடைக்காரனிடம் சொல்லச் சொல்ல அவன் அடித்து அனுப்பியிருக்கிறான். பதில் ஏதாவது வந்ததா என்று நாலு நாள் கழித்துப் போய்க் கேட்டால், அந்தக் கடைக்காரன் நீ எழுதின சிவப்பு எழுத்தைச் சத்தம் போட்டு எல்லோர் முன்னாலும் படித்திருக்கிறான். அன்றிலிருந்து அந்தப் 'போலி'யே இந்தியில் 'நக்லி' என்று அவருக்குப் பெயராகிவிட்டது. "ஜெட்டில நின்னா 'ஏ நக்லி, இதர் ஆ'ன்னு கூப்பிடுறான். ரேஷன் கடையில நக்லிக்குச் சீனி போடுங்குறான். சின்னப் பிள்ளைங்ககூட நக்லி தாத்தாங்குதுங்க. வெளாட்டுத்தாம்மா, வெளாட்டுத்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கோயில் கமிட்டிக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது நிறுத்திவிட்டார். இத்தனை வருஷமாக அவர்தான் அங்கே மாரியம்மன் கோயில் பொருளாளர். இந்த முறை கையெழுத்துப் போடும்போது ஒருத்தன், இது அசலா நக்லியா என்று கேட்டிருக்கிறான், எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். இவர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். திரும்பப் போகவில்லை.

அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், உங்கள் ஆதார் கார்டு இருந்தால் கொடுங்கள், போட்டோ எடுத்துப் பிளாக்கில் போட்டுவிடலாம், யாரும் பேச முடியாது என்று. அவ்வளவு நேரம் பொறுமையாகப் பேசினவருக்கு அப்போதுதான் முகம் மாறியது. "சிலோன்ல எங்கப்பா அட்டை காட்டுனாரு, நீ இந்தியாக்காரன் போன்னான். மண்டபம் கேம்ப்புல காட்டுனாரு, சிலோன்காரன் வந்துட்டான்னான். சுனாமி வந்துச்சு, அட்டையெல்லாம் கடலோட போச்சு, அப்புறம் ஆளுக்கு ஆள் சாட்சி கூட்டிட்டுப் போயி இது நாந்தேன்னு சொன்னேன். கன்னு வாங்குன கடையிலயும் காட்டணுமாங்கய்யா?" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். காய்ந்துபோன கன்றுகளுக்குப் பதிலாகப் புதுசு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "செத்த கன்னு போவட்டும்மா. என் பேரை எனக்குத் திருப்பிக் குடுத்துருங்க, அது போதும்" என்றார்.

அப்புறம் நான் புரோத்ராபூர் மாமாவை வரச்சொன்னேன். ஸ்கூட்டரில் உடனே வந்துவிட்டார். இரண்டு நல்லதம்பிகளும் நேருக்கு நேர் நின்றார்கள். மாமா விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னிடம், "தங்கச்சி, நான் எழுதலைன்னுதானே சொன்னேன். இப்படி ஒரு ஆளே இல்லைன்னு நான் சொல்லலையே" என்றார். அதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. ஆமாம், நாம் கேட்டது ஒரு கேள்வி, எடுத்துக்கொண்ட பதில் வேறு ஒரு கேள்விக்கு. மாமா அவரைத் தன் ஸ்கூட்டரிலேயே டாலிகஞ்ச் கூட்டிப்போய் விட்டார்.

அன்று சாயங்காலம்தான் உன்னைக் கூப்பிட்டேன். அந்தச் சிவப்பு எழுத்தை எடு, அவர் கமெண்டைத் திரும்பப் போடு என்றேன். நீ சொன்னாய், அம்மா, நேரில் வந்தவர்தான் எழுதினார் என்று எப்படி நம்புவது, போன முறை ஏமாந்தது போதாதா, கேட்டவர்களுக்கெல்லாம் இரங்கினால் நாளைக்கு அந்த ஏமாற்றுக்காரனே அழுதுகொண்டு வந்து நிற்பான், சனி ஞாயிறில் நிதானமாகப் பார்க்கிறேன் என்று. நான் அவர் நம்பரை உனக்குச் சொல்லிவிட்டுக் கோபத்தில் வைத்துவிட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால் நீ சொன்னதில் தப்பு இல்லை. தூரத்தில் இருக்கிறவளுக்குத் தெரிவது எழுத்து மட்டும்தான். அந்தப் பச்சைத் துணியையும், நாற்காலியைப் பிடித்திருந்த கையையும் நீ பார்க்கவில்லை. சந்தேகப்படாமல் இருந்தால் இந்தப் பிளாக்கை நடத்தவே முடியாது, அது எனக்கும் தெரியும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், யோசித்துப் பார். சந்தேகம் வந்தால் கமெண்டை வெளியே விடாமல் நிறுத்தி வை, அதில் யாருக்கும் நஷ்டமில்லை. வந்த மெயிலுக்கே ஒரு வரி எழுதிக் கேள், எந்தக் கப்பலில் கன்று வந்தது, யார் மூலமாக வாங்கினீர்கள் என்று. வாங்கினவருக்குத் தெரியும், வாங்காதவனுக்குத் தெரியாது. பதில் வராவிட்டால் அப்படியே கிடக்கட்டும். நிறுத்தி வைப்பது வேறு, ஒரு மனிதரின் பெயரைப் போட்டுப் போலி என்று ஊருக்கெல்லாம் சொல்வது வேறு. நம் பெயரில் எவனாவது பதில் எழுதினால் அவனை விடாதே, அதற்கு நீ என்ன வேண்டுமானாலும் செய். குறை சொல்கிறவர் விஷயத்தில் மட்டும், அது பொய்யாக இருக்க வேண்டும் என்று நமக்குள்ளேயே ஓர் ஆசை இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் எழுதினது புகழ்ச்சியாக இருந்திருந்தால் ஜெராக்ஸ் கடை மெயிலை நீயும் பார்த்திருக்கமாட்டாய், நானும் பார்க்கச் சொல்லியிருக்கமாட்டேன். அந்தக் கமெண்டை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் போட வேண்டும் என்பதுதான் என் விருப்பம். குறையை நாமே வெளியில் போட்டால் வாங்க வருகிறவர்கள் யோசிப்பார்களே என்று அப்பாவுக்குக் கவலை. யோசிக்கட்டும். கன்று காய்ந்தது உண்மை, நாம் போன் எடுக்காததும் உண்மை, ஈரச்சாக்கு சுற்றி அனுப்பியிருக்கலாம் என்பதும் உண்மை. கீழே நாம் நம் பதிலைப் போடுவோம். சிவப்பு எழுத்து இருந்த அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், தவறு எங்களுடையது என்றும் போட வேண்டும். ஒரு மூலையில் பொடி எழுத்தில் போட்டால் அந்தக் கடைக்காரன் அதைப் படித்துக் காட்டமாட்டான்.

இதுவரை நேற்று எழுதி வைத்தேன். மிச்சத்தை இன்று காலையில் முடிக்கலாம் என்று உட்கார்ந்தபோது கச்சால் நல்லதம்பி ஐயாவிடமிருந்து போன். கண்ணில் கட்டு அவிழ்த்துவிட்டார்களாம், நன்றாகத் தெரிகிறதாம், கப்பலுக்கு டிக்கெட்டும் கிடைத்துவிட்டதாம். அப்புறம், "உங்க மக பேசுச்சும்மா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே பிளாக்கைத் திறந்து பார்த்தேன். சிவப்பு எழுத்து இல்லை. அவர் கமெண்ட் இருக்கிறது, ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. உச்சியில் உன் பெயரைப் போட்டு, சரியாக விசாரிக்காமல் ஓர் உண்மையான வாடிக்கையாளரைப் போலி என்று எழுதியது என் தவறு, அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்னாலேயே. சனிக்கிழமை வரைகூட நீ காத்திருக்கவில்லை. மேலே எழுதினதையெல்லாம் அழித்துவிடலாமா என்று பார்த்தேன், வேண்டாம், அப்படியே இருக்கட்டும், என்றைக்காவது உதவும்.

கமிட்டிக்குத் திரும்பப் போவீர்களா என்று அவரைக் கேட்டேன். தெரியவில்லை, பார்க்கலாம் என்றுதான் சொன்னார். பட்டப்பெயர் அவ்வளவு சுலபத்தில் போகாது என்று அவருக்கும் தெரியும். புறப்படுகிற அன்று நர்சரிக்கு வந்து தன் கையாலேயே கன்று பொறுக்கிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார், அப்பா இப்போதே ஈரச்சாக்கைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

சங்கவி, கடவுள் உன்னையும் மாப்பிள்ளையையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், நீங்கள் எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக முடியட்டும். வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. பிளாக் பாஸ்வேர்டை எனக்கும் ஒன்று அனுப்பு, மறந்துவிடாதே, இங்கே ஒருவர் வந்து நிற்கும்போது நான் உன் சனி ஞாயிறுக்காகக் காத்திருக்க முடியாது. போனை வைப்பதற்கு முன்னால், என் மகள் அப்படி என்ன பேசினாள் என்று அவரிடம் கேட்டேன். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "ஒண்ணுமில்லம்மா. எடுத்ததும் 'நல்லதம்பி ஐயாவா'ன்னு கேட்டுச்சு. ஆமாம்மான்னேன். 'சரிங்கய்யா'ன்னுச்சு. வேற ஒண்ணும் கேக்கல" என்றார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா ஜெயமணி,
சிப்பிகாட்